கிண்ணங்கள் காட்டும் கணக்கு



2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவை மாமல்லபுரம் கடலோரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கியபின் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 85 வரையும் வீசியதாக வானிலைத் துறை அறிவித்தது. கோவளத்திலுள்ள என் மைத்துனரின் மாடியில் இருந்த காற்றுமானியோ முப்பதைத் தாண்டவில்லை! அந்த எண்ணைக் கேட்டுத்தான் அண்டை வீட்டு மீனவர்கள் சிலர் படகுகளைப் பற்றி முடிவெடுப்பது வழக்கம்.

மறுவாரம் செங்கற்பட்டிலிருந்து சென்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அது நின்றது. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், எந்தத் தடுப்பிலிருந்தும் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி வைப்பதே உலக வானிலை அமைப்பின் நெறி. வீடுகளில் இது முழுவதும் கைகூடாது. ஆயினும் தொட்டிக்கு மேலே உயர்த்தலாமே!

மைத்துனரோ கிண்ணங்களைப் பெரிதாக்கினால் போதும் என்றார். இவ்விடத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1846 இல் கிண்ணக் காற்றுமானியை அமைத்த அயர்லாந்தின் ராபின்சன், கிண்ணத்தின் அளவு எதுவாயினும் அது காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுழலும் என நம்பினார். அது பிழை என்று பின்னர் தெளிவாயிற்று. கிண்ணத்தின் அளவும் கையின் நீளமும் மாறினால் அந்த விகிதமும் மாறும். உள்ளிருக்கும் காந்தம் சுற்றுகளை மட்டுமே எண்ணித் தரும். விகிதம் தவறானால் எண்ணும் தவறே. ஆகவே கிண்ணங்களை அப்படியே விட்டோம்.

உப்புக் காற்றில் இறுகியிருந்த தாங்கியை மாற்றினோம். இறுகிய தாங்கி மெல்லிய காற்றை அறவே உணராது. பின்னர் காற்றசைவற்ற ஒரு வைகறையில், வாகனமற்ற ஒரு நேர்ச்சாலையில், காரின் கூரைக்கு மேல் நீண்ட கழியில் கருவியைப் பொருத்தி, ஒரே சீராகப் போகவும் வரவும் ஓட்டினோம். இருதிசை எண்களின் சராசரியைக் கைப்பேசியின் செயற்கைக்கோள் வேகத்தோடு ஒப்பிட்டுத் திருத்த எண்ணைக் கண்டோம். காரின் வேகமானியை நம்பவில்லை. அது சற்றுக் கூட்டியே காட்டும். கூரையருகே காற்று வேகம் பிடிப்பதால் கழி நீண்டிருப்பது அவசியம்.

இப்போது கம்பம் தொட்டியைத் தாண்டி நிற்கிறது. மீனவர் கேட்டால் மைத்துனர் எண்ணை மட்டும் சொல்வதில்லை. "வடக்கே தென்னந்தோப்பு இருக்கிறது, வாடை வீசும்போது இது குறைத்தே காட்டும். எச்சரிக்கைக் கொடியைப் பாருங்கள்" என்றும் சேர்த்துச் சொல்கிறார்.