பழுது பார்க்கக் கொடுத்தது பழுதாகி வந்தால்

காலபோக மழைக்கு முன்னர் இரு சில்லு உழவு இயந்திரங்களை நகரத்து முகவர் நிலையங்களுக்குச் சேர்விஸ் செய்யக் கொண்டு செல்வது எமது கிராமங்களில் வழக்கம். நன்றாக ஓடிய இயந்திரம் அங்கிருந்து திரும்பிய சில நாட்களுக்குள் வயலின் நடுவில் நின்றுவிட்டது என்ற முறைப்பாட்டை நாம் பல குடும்பங்களிடம் கேட்டிருக்கிறோம். திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால் கிடைக்கும் மறுமொழியும் பெரும்பாலும் ஒன்றுதான். "இது பழைய மெசின். எங்களில பிழை இல்லை. புதுச் சாமான் போட வேணும்." கடன்பட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் வீடு திரும்புகிறோம்.

ஏன் பேசாமல் திரும்புகிறோம்? பல வருடங்கள் நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்றவர்கள் நாம். கேள்வி கேட்டால் கிடைப்பதும் கிடைக்காமற் போகும் என்ற பயம் எம்முள் ஊறிவிட்டது. ஆனால் முகவர் நிலையம் எமக்கு நிவாரணம் தரவில்லை. எமது பணத்தை வாங்கிக்கொண்டு வேலை செய்து தருகிறது. அங்கே நாம் கையேந்தி நிற்பவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டை உணர்வதே முதற்படி.

சேர்விஸில் ஏற்படும் சேதங்கள் பெரும்பாலும் சிறிய கவனக்குறைவிலிருந்தே தொடங்குகின்றன. எண்ணெய் வடிக்கும் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால், ஓடும் அதிர்வில் அது தளர்ந்து எண்ணெய் ஒழுகிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பிஸ்டனும் பெயாரிங்கும் உரசிச் சூடேறி இறுகிவிடும். காற்று வடிகட்டியைச் சரியாகப் பொருத்தாவிட்டால் உழவுத் தூசி உள்ளே போய் சிலிண்டரையும் ரிங்கையும் தேய்க்கும். இவை இயந்திரத்தின் வயதால் வருபவை அல்ல. அதேவேளை, ஒவ்வொரு பழுதையும் கராஜின் தலையில் சுமத்துவதும் நீதியாகாது. மாதக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிவிட்டுப் பழியை மற்றவன் மேல் போட்டால், உண்மையாகவே பாதிக்கப்பட்ட அயலவனின் சொல்லும் எடுபடாது.

ஆகவே சான்று வேண்டும். இயந்திரத்தை ஒப்படைக்கும்போது, அது என்ன நிலையில் இருக்கிறது, என்ன வேலை செய்ய வேண்டும் என்பவற்றைத் திகதியுடன் எழுதிக் கையொப்பம் வாங்குவோம். கைத்தொலைபேசியால் நாலு பக்கமும் படம் எடுத்து வைப்போம். திரும்ப எடுக்கும்போது, செய்த வேலையும் மாற்றிய உதிரிப்பாகங்களும் தனித்தனியாக எழுதப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்போம். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குவோம். படலையைத் தாண்டுமுன் அங்கேயே இயக்கிப் பார்த்து, பின் நிறுத்தி எண்ணெய் மட்டத்தையும் பார்ப்போம்.

வயலில் சத்தம் மாறினால், புகை கூடினால், உடனே நிறுத்த வேண்டும். "இந்தத் துண்டை உழுது முடிப்போம்" என்று ஓட்டினால் சேதமும் பெருகும், பழியும் எம்மீது வரும். ஒழுகிய எண்ணெயைத் துடைக்காமல், எதையும் கழற்றாமல் படம் எடுத்துவிட்டு, அன்றைக்கே நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் எஞ்சினைத் திறக்குமுன் நம்பிக்கையான வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு பார்வையிட்டு, அவரது கருத்தை எழுத்தில் வாங்குவது நல்லது. திறக்கும்போது நாமும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் முகாமையாளருடன் அமைதியாகப் பேசுவோம். பலன் இல்லையென்றால், நடந்ததையும் நாம் கேட்கும் பரிகாரத்தையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்திருப்போம். அதற்கும் மறுமொழி இல்லையென்றால் சட்டத்தின் வழி உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். பணம் பெற்றுச் சேவை செய்பவர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும் என்பது, பற்றுச்சீட்டில் எழுதப்படாவிட்டாலும், அந்த உடன்பாட்டில் அடங்கியிருக்கிறது. சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரணையின் பின் நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் மூன்று மாதம் ஓடிவிடும் என்பதை மறக்கலாகாது.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் உள்ளன. அங்கே சட்டத்தரணிகள் வாதாட இடமில்லை. இரு தரப்பும் நேரே பேச வேண்டும். சபை தீர்ப்பளிப்பதில்லை, இணக்கத்துக்கே முயல்கிறது. நீதிமன்றப் படிகளில் ஏற வசதியில்லாத குடும்பத்துக்கு இது பொருத்தமான வழி.

ஒருவர் தனியே போனால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். கமக்காரர் அமைப்பின் தலைவரும் செயலாளரும் கூடச் சென்றால் கதிரை போட்டுப் பேசுவார்கள். ஒரு கிராமத்தின் இருபது இயந்திரங்களும் சேர்விஸுக்கு வேறிடம் போகும் என்பது எந்த முகவருக்கும் விளங்கும் கணக்கு. ஒரே நிலையத்தில் பலருக்கு ஒரேவித சேதம் ஏற்பட்டிருந்தால், அவற்றை அமைப்பின் கொப்பியில் பதிந்து வைப்பது பெரும் சான்றாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் நட்டை இறுக்க மறந்தவன் வேலை பழகும் ஒரு பையனாக இருக்கலாம். அவனும் எங்களைப்போல் இடம்பெயர்ந்த ஒரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவனை ஏசுவதாலோ, அவன் சம்பளத்தில் வெட்டுவதாலோ எமது எஞ்சின் திருந்தாது. வேலையை மேற்பார்வை செய்ய வேண்டியது நிலையம். இலாபத்தைப் பெறுவதும் நிலையம். பொறுப்பையும் நிலையமே ஏற்க வேண்டும் என்று நாம் உறுதியாகக் கேட்க வேண்டும்.

உழவு இயந்திரம் நின்றால் ஒரு குடும்பத்தின் காலபோகமே தவறக்கூடும். உழவு பிந்தினால் விதைப்பும் பிந்தும். ஆனால் லீசிங் தவணை பிந்துவதில்லை. இத்தனை பாரத்தையும் பிழை செய்யாதவன் சுமப்பது எந்த நியாயத்திலும் சேராது. இம்முறை சேர்விஸுக்குப் போகும்போது ஒரு தாளும் பேனையும் கொண்டு போவோம். எழுதி வாங்காமல் இயந்திரத்தின் திறப்பைக் கொடுப்பதில்லை என்று எமது அமைப்புகளில் இப்போதே தீர்மானிப்போம்.