ஆளப் பழகட்டும் நம் பிள்ளைகள்

"நான் முதலமைச்சரானால்..." என்ற கட்டுரைத் தலைப்பு நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஜூலை 15-ல் காமராஜர் பிறந்த நாள் வந்தாலும், நவம்பர் 14-ல் நேரு பிறந்த நாள் வந்தாலும் வாத்தியார் இந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பார்கள். மாறுவேடப் போட்டி நடக்கும். சட்டையில் ரோஜாப்பூ குத்திய ஒரு நேரு, தடி ஊன்றிய ஒரு காந்தி, முண்டாசு கட்டி மீசை வரைந்த ஒரு பாரதி என்று சின்னஞ்சிறு தலைவர்கள் மேடையேறி இறங்குவார்கள். பெற்றோர் கை தட்டுவார்கள். ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. அத்தோடு முடிந்தது.

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு ஏந்திய முருகன் குன்றின் மேல் நிற்கும் ஊர். சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன வட்டாரம். வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிற தாயின் மகளும் இந்தக் கட்டுரையை எழுதுகிறாள். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற தகப்பனின் மகனும் எழுதுகிறான். அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் எழுதுகிறது. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடலாமா? கூடாது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, "நாட்டை நான் நடத்தினால்?" என்று நினைத்துப் பார்ப்பது சாதாரண விஷயம் அல்ல. அந்த நினைப்பே அவனுக்கு வரக் கூடாது என்று பல நூறு ஆண்டுகள் கட்டிக் காத்த நாடு இது.

அரை நாள் படிப்பு

இது ஏதோ ராஜாக்கள் காலத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1953-ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். 'குலக் கல்வி' என்று ஜனங்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். சரியான பேர். செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்க, முடி திருத்துபவர் பிள்ளை முடி திருத்த, பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்க! ஆளுகிறவர் வீட்டுப் பிள்ளை? அது வீட்டுத் தொழிலாக ஆளப் பழகிக்கொள்ளும்!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. திராவிடர் கழகமும் தி.மு.கழகமும் கிளர்ச்சி செய்தன. கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவியை விட்டுப் போனார். காமராஜர் முதல் மந்திரியானார். அந்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜர் விருதுநகரில் சின்ன வயதிலேயே படிப்பை விட்டு, மாமன் துணிக்கடையில் நின்றவர். இதைப் பாடப் புத்தகம் சொல்கிறது. அவர் கல்விக் கண் திறந்தார் என்றும் சொல்கிறது. அந்தக் கண்ணைத் திறக்கச் சொல்லித் தெருவில் நின்ற ஜனங்களைப் பற்றி மட்டும் ஏன் பேச மாட்டேன் என்கிறது? 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு பரவியபோது சர்க்கார் பணம் மட்டுமா அடுப்பில் எரிந்தது? ஊர் ஜனங்கள் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும் சேர்ந்தே எரிந்தன. பின்னால் 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. திட்டங்களின் பேர் பிள்ளைகளுக்குத் தெரியும். தலைவர்களின் பேரும் தெரியும். தினம் அந்தச் சோற்றை ஆக்கிப் போடுகிற அம்மாள், முறையான காலமுறைச் சம்பளம் கேட்டு எத்தனை ஆண்டுகள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

'கொடுப்பேன்' என்ற சொல்

இப்படிப் படித்த பிள்ளை என்ன எழுதும்? "நான் முதலமைச்சரானால் எல்லாருக்கும் வீடு கட்டிக் கொடுப்பேன். ஏழைகளுக்கு உணவு கொடுப்பேன். மாணவர்களுக்கு சைக்கிள் கொடுப்பேன்." வரிக்கு வரி 'கொடுப்பேன்'தான். பிள்ளையின் மனசு தங்கமான மனசு. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வருமா? ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொடுக்கிறவர் மேலே நிற்கிறார். வாங்குகிறவர் கீழே கையேந்தி நிற்கிறார். தலைவர் என்றால் கொடுக்கிறவர், ஜனங்கள் என்றால் வாங்கிக்கொண்டு கும்பிடுகிறவர்கள் என்ற பாடம் எட்டு வயதிலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது.

எந்தக் கஜானாவிலிருந்து கொடுப்பாய், அது யார் உழைப்பில் நிறைந்தது என்று யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்பதில்லை. செட்டிகுளத்துப் பிள்ளைக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. 2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 150 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த வெங்காயத்தைப் பிடுங்கித் தாள் அறுத்த கைக்குக் கூலி அதே வேகத்தில் ஏறியதா? பட்டறையில் வைத்துக் காத்திருக்க வசதி இல்லாத சிறு விவசாயி என்ன விலைக்கு விற்றார்? இடையில் நின்றவர் எவ்வளவு எடுத்தார்? வெங்காயக் காட்டில் வளரும் பிள்ளை இந்த மூன்று கேள்வியையும் கேட்கக் கூடியது. அதைக் கேட்க வைத்தால் அன்றைக்கே அது ஆட்சிப் பாடம் படித்தாயிற்று.

யாருக்கு நாற்காலி?

அம்பேத்கர் படத்துக்கும் பள்ளியில் மாலை போடுகிறோம். அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அவர் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது மற்றப் பிள்ளைகளோடு உட்கார விடவில்லை. தனியாக ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். அந்தச் சாக்கையும் அவரே வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் திறந்துவிடப் பியூன் வர வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

அவர் வகுத்த சட்டம் 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்தது. 73-வது திருத்தம் 1993-ல் பஞ்சாயத்துகளுக்கு உயிர் கொடுத்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தலைவர் ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. நடந்தது என்ன? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் ஆதிக்கச் சாதிக்காரர்கள் தடுத்தார்கள். மேலவளவில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள்.

அதெல்லாம் பழைய கதை என்பார் உண்டு. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, விசாரணை எல்லாம் வந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். படம் வெளியே வராத ஊர்கள் எத்தனை?

பெரம்பலூர் சட்டசபைத் தொகுதி தனித் தொகுதி. சேரிப் பிள்ளை ஒன்று, "நான் முதலமைச்சரானால்" என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறது. வழியில் தன் ஊர்த் தலைவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வாத்தியார் சொன்னதை நம்புமா, கண்ணால் கண்டதை நம்புமா? கட்டுரைக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு நாற்காலியைப் பிடுங்கிக்கொள்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்று நாம் அழுத்தமாகச் சொல்கிறோம்.

நாற்காலி காலியாகக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய நாளில் நடக்காமல் பஞ்சாயத்துகள் தனி அதிகாரிகள் கைக்குப் போயின. பெரம்பலூரும் அரியலூரும் இதில் அடக்கம். ஊரை ஆளுகிறவர் யார் என்று பிள்ளை கேட்டால், 'ஓர் அதிகாரி' என்றுதான் பெற்றோர் பதில் சொல்ல முடிந்தது. பள்ளியில் சுயராஜ்யப் பாடம். ஊரில் அதிகாரி ராஜ்யம்!

பழகிக் காட்டிய பிள்ளைகள்

பிள்ளைகளால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்குச் சில உதாரணங்கள். ராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில், பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. 1993 முதல் அந்தப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தங்களுக்கு ஒரு பாராளுமன்றம் அமைத்தார்கள். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா, வாத்தியார் வருகிறாரா என்று பார்ப்பது அதன் வேலை. கர்நாடகத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் 1990-ல் பீமா சங்கம் என்று தங்களுக்கே ஒரு சங்கம் வைத்தார்கள். பின்னர் குந்தாபுரம் பகுதியில் பிள்ளைகள் பஞ்சாயத்து அமைந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தங்கள் குறைகளை அவர்களே எடுத்து வைத்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பது வீடுகளுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் பாராளுமன்றங்கள் முளைத்தன. சுகாதாரத்துக்கு ஒரு மந்திரி, படிப்புக்கு ஒரு மந்திரி என்று பிள்ளைகளே பொறுப்பேற்றார்கள்.

இங்கெல்லாம் பிள்ளைகள் 'கொடுப்பேன்' என்று சொல்லவில்லை. கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? அவர்கள் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் வரும் வரை விடாமல் கேட்டார்கள். தங்களைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்குப் பதிலும் சொன்னார்கள். கேட்கத் தெரிவதும், பதில் சொல்லக் கடமைப்படுவதும்தான் ஆட்சி.

நம் சர்க்கார் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பேரில் மாணவர் குழுக்களை 2024-ல் அமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையை, நன்றாக உடுத்தி வருகிற பிள்ளையை வாத்தியார் விரல் நீட்டித் தலைவராக்கினால் பழைய குருடி கதவைத் திறடி என்றுதான் ஆகும். பிள்ளைகள் ஓட்டுப் போட வேண்டும். பொறுப்பு முறை வைத்து மாற வேண்டும். கடைசிப் பெஞ்சுப் பிள்ளையும், பெண் பிள்ளையும், சேரிப் பிள்ளையும் அந்த இடத்தில் உட்கார வேண்டும். கழிப்பறையில் ஏன் தண்ணீர் இல்லை என்று கேட்டால் மிரட்டாமல் பதில் சொல்ல வேண்டும்.

பின்வாசல் வழியாக

இதற்கெல்லாம் முதலில் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டுமே! வெங்காயம் பிடுங்கும் பருவத்திலும், பருத்தி எடுக்கும் பருவத்திலும் காட்டுக்குப் போன பிள்ளையின் பேர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருக்கும். தாய் தகப்பன் மேல் நாம் பழி போட மாட்டோம். இரண்டு பேர் கூலியில் அடுப்பு எரிந்தால் மூன்றாவது கையை யார் தேடுவார்கள்? குற்றம் கூலியில் இருக்கிறது. ஆனால் 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியவர்கள், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். 1954-ல் முன்வாசல் வழியாக ஜனங்கள் விரட்டிய அரை நாள் படிப்பு பின்வாசல் வழியாகத் தலை நீட்டுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

நாம் செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதி பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அந்த இடங்களில் போய் உட்காருங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். வாத்தியார் எத்தனை பேர், காலியிடம் எத்தனை, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். வெங்காயக் காட்டுக்குப் போகிற தாய்மார்கள் வரக் கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் என்று 2022-ல் ஆக்கப்பட்டது. அதில் மே தினமும் ஒரு நாள். கிராம சபைக்குப் போகும்போது பிள்ளையையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். தன் தாய் எழுந்து நின்று கணக்குக் கேட்பதை அது ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். நூறு பாடம் நடத்தினாலும் அந்தப் படிப்பு வராது.

வாத்தியார்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களில் பலர் நம் வீடுகளிலிருந்து போனவர்கள். கட்டுரைத் தலைப்பை மாற்ற வேண்டாம், இருக்கட்டும். அடியில் இரண்டு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "நீ முதலமைச்சரானால் யாரைக் கேட்டு முடிவு செய்வாய்? தவறு நடந்தால் யாருக்குப் பதில் சொல்வாய்?"

தலைவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. சாக்கில் உட்கார்ந்த பிள்ளையும், துணிக்கடையில் நின்ற பிள்ளையும்தான் நாட்டை நடத்தினார்கள். செட்டிகுளத்து வெங்காயக் காட்டிலிருந்தும், எறையூர்க் கரும்புத் தோட்டத்திலிருந்தும், அரியலூர் ஆலைக் குடியிருப்பிலிருந்தும் அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் வரும்போது நாற்காலி அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாற்காலியை இன்றே பிடித்து வைப்பது பெரியவர்களாகிய நம் வேலை.