கடலுக்கடியில் ஒரு கணக்குப் புத்தகம்

கார்ல்ஸ்பெர்க் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீர் பாட்டில்தான். அதே பெயரில் கடலுக்கடியில் ஓர் எரிமலைத் தொடரும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கிடக்கிறது அது. பெயர் ஒற்றுமை தற்செயல் அல்ல. 1928-30இல் 'டானா' என்ற டென்மார்க் ஆய்வுக்கப்பல் உலகைச் சுற்றிய பயணத்தில்தான் இந்தத் தொடர் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது பீர் கம்பெனியின் அறக்கட்டளை. செலவு செய்தவர் பெயரை மலைக்கே வைத்துவிட்டார்கள்!

இப்போது அதே மலையில் புதிய கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் இந்திய அரசு, சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கார்ல்ஸ்பெர்க் தொடரில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி கலந்த சல்பைடு தாதுக்களைத் தேடிப் பார்க்கலாம். தேடத்தான் உரிமை, வெட்டியெடுக்க அல்ல. ஆனால் வெட்டும் எண்ணம் இல்லாமல் யாரும் தேடுவதில்லை. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

முதலில் இந்த மலை எப்படி வந்தது?

இங்கே இந்தியத் தட்டும் ஆப்பிரிக்காவின் சோமாலியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. வேகம் ஆண்டுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர். ஏறக்குறைய நகம் வளரும் வேகம்தான். விலகும் இடத்தில் கீழேயிருந்து சூடான பாறை மெல்ல மேலேறி வருகிறது. மேலே வர வர அதன் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. குக்கருக்குள் கொதிக்காமல் இருக்கும் வெந்நீர், வெயிட்டைத் தூக்கியதும் குபுகுபுவென்று கொதிக்கிறதே, அதுபோல அழுத்தம் குறைந்ததும் பாறையில் ஒரு பகுதி உருகிவிடுகிறது. யாரும் கூடுதலாக நெருப்பு மூட்டவில்லை! அந்தக் குழம்பு வெளியே வந்து, குளிர்ந்த கடல்நீர் பட்டு, பசால்ட் பாறையாக இறுகுகிறது. சூடான பாறை விரிந்து லேசாக இருப்பதால் அந்த இடம் மேடாக நிற்கிறது. விலகிப் போகப் போகக் குளிர்ந்து, சுருங்கி, ஆழத்தில் இறங்குகிறது. உலகக் கடல்களில் இப்படிப்பட்ட தொடர்களின் மொத்த நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர்.

பாறை இறுகும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையையும் தனக்குள் பதிவு செய்துகொள்கிறது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகப் புரண்டிருக்கிறது. அதனால் மலையின் இரு பக்கமும் கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும் போல ஒரே மாதிரிப் பட்டைகள் இருக்கவேண்டும். 1962இல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் கார்ல்ஸ்பெர்க் தொடரின் மேல் எடுத்த அளவீடுகளை வைத்து, 1963இல் இதை எழுதியவர்கள் பிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் இருவரும். வைன் அப்போது கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவர், வயது 24. கடல்தளம் விரிகிறது என்பதற்கு இது முக்கியமான ஆதாரமானது.

சரி, தாது எங்கிருந்து வந்தது? விரிசல்கள் வழியே உள்ளே இறங்கும் கடல்நீர், சூடேறி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு 350 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. குளிர்ந்த நீரைத் தொட்டதும் உலோகங்கள் சல்பைடாகப் படிந்து புகைபோக்கி போல வளர்கின்றன.

"மின்சார வண்டிக்கும் காற்றாலைக்கும் செம்பு வேண்டும். நிலத்தில் சுரங்கம் தோண்டினால் ஊர்கள் காலியாகும். கடலடியில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேயும் குடியிருப்பவர்கள் உண்டு. கார்ல்ஸ்பெர்க்கின் தெற்குத் தொடர்ச்சியான மத்திய இந்தியத் தொடரில், கைரேய் என்னும் வெந்நீர் ஊற்றில் 2001இல் ஒரு நத்தையைக் கண்டார்கள். அதன் பாதத்தில் இரும்புச் சல்பைடு பூசிய செதில்கள்! 2019இல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆழ்கடல் சுரங்கத்தின் அபாயத்தால் அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் அதுதான். அப்போது தெரிந்திருந்த அதன் இருப்பிடங்கள் மூன்றே மூன்று.

லாபக் கணக்கும் அவ்வளவு எளிதல்ல. பப்புவா நியூ கினி கடலில் இதே வகைத் தாதுவை எடுக்கக் கிளம்பிய நாட்டிலஸ் மினரல்ஸ் கம்பெனி 2019இல் திவாலானது. அதில் பங்கு வாங்கியிருந்த அந்த ஏழை நாட்டின் பணமும் போயிற்று.

அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்பது பேதமை. சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் நோக்கத்தோடு செய்யப்படுவது. போகட்டும், பார்க்கட்டும். ஆனால் நீர் பீறிடும் உயிருள்ள ஊற்றுகளைத் தொடக்கூடாது என்று விதி வேண்டும். வெட்டுவதானால், அடங்கிக் குளிர்ந்துபோன பழைய படிவுகளைப் பற்றி மட்டும் பேசலாம். உயிருள்ள ஊற்றைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம், ஏனென்றால் அதன் கலங்கல் நீரே வழி காட்டும். எனவே விதி இல்லாவிட்டால் கை முதலில் அங்கேதான் நீளும்.

சல்பைடு தேட இரண்டு ஒப்பந்தங்கள் பெற்ற முதல் நாடு இந்தியா. இந்த விதியை முன்மொழிய அதைவிடத் தகுதியான நாடு எது? ஒரு மாணவர் 1963இல் இந்த மலையிலிருந்து ஒரு கிராம் செம்பும் எடுக்கவில்லை, படித்துப் பார்த்ததோடு சரி. உலகத்துக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமா?