கருவேல நெற்றும் வேம்பூர் ஆடும்

சீமைக் கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் தமிழக அரசும் அதற்கென ஒரு கொள்கை வகுத்தது. கண்மாய்களை இந்த மரம் அடைத்துக்கொண்டு நிற்பது கண்கூடு. வெட்ட வேண்டியதுதான். ஆனால் வெட்டினால் ஆடு எதைத் தின்னும்?

விருதுநகர் மாவட்டத்தில் இது சிறிய கேள்வி அல்ல. சாத்தூர் பக்கம் இருக்கன்குடி, நென்மேனி ஊர்களில் வேம்பூர்ச் செம்மறி வளர்க்கிறார்கள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் உள்ள ஆடு. கறிக்காக வளர்க்கும் இனம். 2018 தீபாவளிக்குப் பின் சிவகாசியில் பட்டாசு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படி வேலை நின்றுபோகும் நாளில், கொட்டிலில் ஆடு நிற்கும் வீட்டுக்கு அதுதான் கைமுதல்.

கோடையில் புல் கருகிவிடும். அப்போது ஆடுகளுக்குக் கிடைப்பது கருவேல நெற்று. இலையை அவை விரும்புவதில்லை. நெற்றோ இனிப்பு! நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் புரதமும் உண்டு.

ஆனால் முழு நெற்றாகப் போட்டால் அரைப் பயன்தான். விதையின் ஓடு கல் போன்றது. பல விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கின்றன. ஒழிக்க வேண்டிய மரத்தை ஆடே ஊர் முழுவதும் விதைக்கிறது!

நெற்றை நன்றாக வெயிலில் காயவைத்து, குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும் பதத்தில் அரைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அதிலுள்ள சர்க்கரை பசைபோல் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அரைத்தால் விதையின் புரதமும் உடம்பில் சேரும், விதையும் முளைக்காது. கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்புடன் இந்த மாவைக் கலந்து வைக்கலாம். விலை கூடிய பிண்ணாக்கின் செலவு குறையும். குட்டி எடை போடும்.

அளவு மிஞ்சக் கூடாது. பிரேசில் நாட்டில் நெற்றையே மாதக் கணக்கில் தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை மெலிந்து, மெல்ல முடியாமல் போயிற்று. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துவது நல்லது.

மரம் போன இடத்தில் வேலிமசாலும் கொழுக்கட்டைப் புல்லும் விதைக்கலாம். இரண்டும் வறட்சி தாங்கும். வெட்டிய நிலத்தைச் சும்மா விட்டால், அடுத்த மழைக்கே அடிக்கட்டையிலிருந்து கருவேலம் மறுபடி தளிர்க்கும்.