வாசகரின் ஏமாற்றம்

‘பொன்னியின் செல்வன்’ கதையை அறிவீர்களா என்று டாக்குரியாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால், “பார்த்தோம்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவர்களுடைய தாத்தா பாட்டியரைக் கேட்டால் “படித்தோம்” என்பர். பார்த்தவர் மகிழ்ச்சியோடு திரையரங்கை விட்டு வெளியே வருகிறார். படித்தவரோ முகம் வாடி வருகிறார். அந்த வாட்டம் வீண் பிடிவாதமன்று. அதற்குத் தக்க காரணம் உண்டு என்பதே என் கருத்து.

கல்கி எழுதிய இந்நாவல் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தமிழ்க் குடும்பங்கள் வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தன. ஐந்து பாகங்களாக விரிந்த அக்கதையைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். ஆயினும் அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் மணிரத்னம் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு படங்களாக அது திரைக்கு வந்தது.

அப்படங்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஏ.ஆர். ரகுமானின் இசையும் ரவிவர்மனின் ஒளிப்பதிவும் கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாயின. ஐந்து பாகங்களை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடக்கும்போது பல நிகழ்ச்சிகளைக் குறைக்கத்தான் வேண்டும். எனவே, ‘ஏன் குறைத்தீர்கள்?’ என்பது வாசகரின் கேள்வியன்று. ‘எதனைக் குறைத்தீர்கள்?’ என்பதே அவர் கேட்கும் கேள்வி.

நாவலில் சேந்தன் அமுதன் என்னும் இளைஞன் வருகிறான். மலர் கொய்து, மாலை தொடுத்து, கோயிலுக்குக் கொண்டு செல்வது அவன் தொழில். வாளேந்தாத அந்த எளியவனைப் பற்றி இறுதியில் வெளிப்படும் ஓர் உண்மை, சோழ நாட்டின் அரியணையையே அசைக்கிறது. அவ்வுண்மையை இங்கே கூறிவிட்டால் நீங்கள் படித்து அடையும் இன்பம் கெடும், ஆகவே கூறவில்லை. படத்தில் சேந்தன் அமுதன் சிறிது நேரமே தோன்றி மறைகிறான். அவ்வுண்மைக்கு அங்கே இடமில்லை. கடம்பூர் இளவரசி மணிமேகலையோ படத்தில் இல்லவே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயமே அவளுடையது! அரசர்களும் போர்களும் படத்தில் தங்கிவிட்டனர். அன்பு ஒன்றையே செல்வமாகக் கொண்ட எளிய உள்ளங்கள் விடுபட்டுப் போயின. வாசகரின் முகம் வாடுவது இதனால்தான்.

கதையை மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. நம் கொல்கத்தாவிலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. உபேந்திரகிஷோர் எழுதிய கூபி, பாகா கதையை அவருடைய பேரர் சத்யஜித் ராய் 1969இல் படமாக்கினார். தாமே பாடல்கள் எழுதிச் சேர்த்தார். பேய்களின் நீண்ட நடனம் ஒன்றையும் அமைத்தார். ஆயினும், பாடவும் கொட்டவும் தெரியாமல் ஊராரால் விரட்டப்பட்ட இருவர், பேய்களின் வரத்தால் உயர்வு பெறும் கதையின் உயிர் அங்கே குன்றவில்லை. வங்கப் பிள்ளைகள் இன்றும் அப்படத்தைக் கொண்டாடுகின்றனர். கிளைகளை வெட்டினால் மரம் மீண்டும் தழைக்கும், வேரை வெட்டலாமா?

தமிழ்நாட்டிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. படத்திற்கு அடியில் பிறமொழி எழுத்துகள் ஓடும். தமிழ் எழுத்து தெரியாமலே அதனைப் பார்த்து முடித்துவிடலாம். கல்கியின் தமிழ் மூலத்துக்கு அவ்வசதி இல்லை. அதனை அடைய எழுத்துக் கூட்டியாவது தமிழ் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படமே முழுக்கதையாகிவிடும். எதனை இழந்தோம் என்று அறியாததால் அப்பிள்ளைக்கு ஏமாற்றமும் தோன்றாது. ஏமாற்றத்தினும் பெரிய இழப்பு அதுவே.

நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வருவதோடு தொடங்குகிறது. படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. அந்த ஏரியும் மனிதர் வெட்டியது. நாம் மாலையில் உலவும் டாக்குரியா ஏரியும் மனிதர் வெட்டியது. நம் ஏரியைக் கண்ட கண்களுக்கு அந்த ஏரியைக் கற்பனையில் காண்பது அரிதன்று. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் படித்தாலும் போதும். கடினமான சொல் வந்தால் பாட்டியைக் கேளுங்கள். அவர் பொருளும் சொல்வார், தாம் படித்த காலத்துக் கதையும் சொல்வார். முழுவதும் படித்தபின் படத்தை மீண்டும் பாருங்கள். அப்போது நீங்களும் முகம் வாடினால் வருந்த வேண்டா. நீங்கள் வாசகராகிவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

சிந்தித்து எழுதுக
1. ‘கிளை’, ‘வேர்’ என்று கட்டுரையாசிரியர் எவற்றைக் குறிப்பிடுகிறார்?
2. நீங்கள் படித்த கதை ஒன்றைப் படமாக்கினால், எதனை நீக்க உடன்படமாட்டீர்கள்? காரணம் தருக.