பல்லில் விழுந்த உதை!

தோழனே!

ஆங்கிலேயன் நாவில் அன்றாடம் புரளும் தொடர் ஒன்று உண்டு. 'கிக் இன் த டீத்' என்பான். பல்லில் விழுந்த உதை என்று பொருள். கேட்ட மாத்திரத்தில் வாயைத் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? பட்டுத்துணி போர்த்திய பேச்சல்ல அது. பட்டவன் பேசும் பேச்சு.

எல்லாத் தோல்விக்கும் உரியதல்ல இத்தொடர். உதவி வரும் என்று நம்பி, முகத்தை நிமிர்த்தி நிற்கிறான் ஒருவன். யாரை நம்பினானோ அவனே அநியாயம் இழைக்கிறான். அதற்குத்தான் இந்தப் பெயர். கையை எதிர்பார்த்து நின்றான். கால் வந்து விழுந்தது!

அதே ஆங்கிலத்தில் இன்னொரு தொடரும் உண்டு. 'கசப்பு மாத்திரை' என்பார்கள். கூலியைக் குறைக்கும்போதும், ஆலையை மூடும்போதும் மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்திருப்பவருக்கு மிகவும் பிடித்த சொல் அது. "கசக்கும், ஆனாலும் விழுங்கித்தான் தீரவேண்டும்" என்பார். மாத்திரை என்றதும் என்ன ஆகிறது பார்! கொடுப்பவர் மருத்துவராகிவிடுகிறார், நீ நோயாளியாகிவிடுகிறாய், பறிப்பது பரிகாரமாகிவிடுகிறது!

உதை என்று சொன்னால் அந்தச் சாமர்த்தியம் நடக்காது. உதை என்றால் கால் வேண்டும். கால் என்றால் காலுக்குரியவன் வேண்டும். அவன் யார் என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். அந்தக் கேள்விக்காகத்தான் சொல்கிறேன், தோழனே, இந்தச் சொல்லை எண்ணிப் பார் என்று.

2020ஆம் ஆண்டு கொரோனா கொள்ளைநோய் கோரத் தாண்டவம் ஆடியபோது, பிரிட்டனில் வியாழக்கிழமைதோறும் இரவு 8 மணிக்கு மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். செவிலியருக்கு நன்றி! மருத்துவமனை ஊழியருக்கு வாழ்த்து! ஆள்வோரும் வாசலுக்கு வந்து தட்டினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், அதே செவிலியருக்கு அரசு முன்மொழிந்த ஊதிய உயர்வு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 1! கை தட்டிய ஓசை காதைவிட்டு அகலுமுன் கால் நீண்டது. முகத்தில் அறை, பல்லில் உதை என்று கண்டனம் எழுந்தது. 2021 சூலையில் அந்த 1, 3 ஆயிற்று. நியாயம் முழுவதும் கிடைத்ததா? இல்லை. ஆனால் மாத்திரை என்று விழுங்கியிருந்தால் ஒன்று ஒன்றாகவே நின்றிருக்கும்.

இன்னொன்று கேள். 2022 மார்ச்சு 17. பி அண்ட் ஓ ஃபெரீஸ் என்னும் கப்பல் நிறுவனம் 786 தொழிலாளரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. நேரில் அழைத்தா? இல்லை. சங்கத்தோடு பேசியா? அதுவும் இல்லை. முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த படத்தை ஓடவிட்டு, "இன்றே உங்கள் கடைசி நாள்" என்று சேதி சொன்னார்கள். கப்பலையே வீடாக்கிக் கொண்டவன் மூட்டையைக் கட்டினான்.

ஒரு வாரம் கழித்து, நாடாளுமன்றக் குழுவின் முன் நின்றார் அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி. சங்கங்களைக் கலந்து பேசவேண்டியது சட்டப்படி கடமை என்பதை ஒப்புக்கொண்டார். பேசவேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்ததையும் ஒப்புக்கொண்டார். புதிதாகச் சேர்த்தவர்களுக்குக் கூலி மணிக்குச் சராசரி 5.50 பவுன் என்றார். நாட்டின் குறைந்தபட்சக் கூலியோ அன்றைக்கு 8.91 பவுன். கப்பலில் பறப்பது வேற்றுநாட்டுக் கொடி. ஆகவே கரையின் சட்டம் கடலில் ஏறாதாம்! கால் யாருடையது என்பதில் ஐயமுண்டா?

அந்த 786 பேரும் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. நிறுவனத்தின்மீது குற்றவழக்குத் தொடுப்பதில்லை என்று 2022 ஆகத்தில் முடிவாயிற்று. இருந்தும், எழுந்த கூக்குரல் வீண் போகவில்லை. பிரிட்டன் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் கப்பல்களின் தொழிலாளருக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாகத் தரவேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. உதைபட்டவனுக்குப் பல் திரும்பவில்லை. அடுத்தவன் பல்லுக்கு ஒரு வேலி கிடைத்தது.

மாற்றான் கால் மட்டுந்தான் உதைக்குமா? 1926ஐ நினைத்துப் பார். சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முதலாளிகள் துணிந்தபோது, அவர்களுக்காக மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் மூண்டது. இரயில் நின்றது, அச்சகம் நின்றது. ஒன்பதாம் நாள், சுரங்கத் தொழிலாளருக்கு எந்த உறுதிமொழியும் பெறாமலே, தொழிற்சங்கத் தலைவர்கள் போராட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். சுரங்கத் தொழிலாளர் தனித்து நின்றார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, குறைந்த கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் குனிந்து குழிக்குள் இறங்கினார்கள். பகைவனின் உதை எலும்பைத்தான் முறிக்கும். கூட இருந்தவன் கைவிட்டால் நெஞ்சே முறியும். தலைமை ஏற்போர் மறக்கக் கூடாத பாடம் அது.

ஆனால் ஒன்று. இன்று அந்நாட்டில் இச்சொல்லை மலிவாக்கிவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் கால்பந்து ஆட்டம் தோற்றாலும் பல்லில் உதை. விடுமுறை நாளில் மழை கொட்டினாலும் பல்லில் உதை! மழைக்கு ஏது கால்? எல்லாவற்றையும் உதை என்று சொல்லத் தொடங்கினால், உண்மையாகவே உதைத்தவன் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுவான்.

நம் தமிழிலும் அப்படி ஒரு சொல் உண்டே! 'வயிற்றில் அடிக்காதே' என்கிறோம். அதிலே அடித்த கை தெரிகிறது. ஆனால் வேலை போன அன்று வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறோம்? 'என் தலையெழுத்து' என்கிறோம். அடித்த கை எங்கே? மறைந்துவிட்டது! எழுதியவனைத் தேடி வானத்தைப் பார்க்கிறோம். அடித்தவன் வாசல் வழியாகவே வெளியேறுகிறான்.

ஆகவே, தோழனே, அடுத்த முறை ஏமாற்றம் வந்து மோதும்போது பதறாதே. மூன்று கேள்வி கேள். இதைச் செய்தவன் ஓர் ஆளா, இயற்கையா? செய்யாமல் இருக்க அவனால் முடிந்திருக்குமா? அவனை நான் நம்பியிருந்தேனா? இயற்கை என்றால் துடைத்துக்கொண்டு எழு. உன் தவறு என்றால் திருத்திக்கொள். ஆள் என்றால், அவன் பெயரைச் சொல்! தனியே சொன்னால் புலம்பல். சேர்ந்து சொன்னால் அது கோரிக்கை!

விழுந்த பல்லை எண்ணி அழுதது போதும். நீண்ட கால் யாருடையது என்று கேள்!