உடைந்த கியூப் சொல்லும் பாடம்



நம்ம காங்கிரீட் லேப்பில் நடக்கிற ஒரு கூத்தை இந்த மலரில் போட்டு உடைக்கப் போகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பேட்ச் வார்த்தது எம்20 கலவை. 28 நாள் தண்ணீரில் கிடந்த 150 மி.மீ. கியூப்கள் மூன்றை மெஷினில் வைத்து நசுக்கினோம். சராசரி, சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன்! வேண்டியதோ 20-க்கு மேல். என்ன செய்தோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 24 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். நானும்தான்.

மனசு கேட்கவில்லை. உடைந்த துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கொத்தனாரான என் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, ஜல்லியைக் கழுவலையா? பல்லு விழுந்த ஈறு மாதிரி குழி குழியா இருக்கே!" என்றார். உண்மைதான். ஒரு ஜல்லிகூட உடையவில்லை. தூசி படிந்த ஜல்லிகள் கலவையை விட்டு அப்படியே கழன்று வந்திருந்தன.

அப்பா கண்ணால் கண்டதை விஞ்ஞானிகள் மைக்ரோஸ்கோப்பில் கண்டிருக்கிறார்கள். ஜல்லியைச் சுற்றி ஏறக்குறைய 20 முதல் 50 மைக்ரான் வரை ஒரு பலவீனமான வளையம் உண்டு. தலைமுடித் தடிமன்கூட இராது! ஜல்லியின் ஓரத்தில் சிமெண்ட் துகள்கள் நெருங்கி அடுங்க முடியாது, தண்ணீர் தேங்கும், நுண்துளைகள் மிகும். விரிசல் முதலில் நுழைவது அங்கேதான். தண்ணீரைக் கூட்டினால் இன்னும் மோசம். தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

வைர முனையால், ஒரு கிராம் எடைக்கும் குறைந்த பாரத்தில் சிமெண்ட்டைக் குத்தி அளக்கும் முறையும் வந்துவிட்டது. 2004-ல் கான்ஸ்டான்டினிடிஸ், உல்ம் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சிமெண்ட்டைப் பிணைக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டின் மீள்மைக் குணகத்தை இப்படி அளந்தார்கள். நெருக்கம் குறைந்த இடத்தில் சுமார் 22 கிகா பாஸ்கல், நெருக்கமான இடத்தில் சுமார் 29. பொருள் ஒன்றுதான், அடுக்கின் நெருக்கம்தான் வித்தியாசம்!

அந்தக் கருவி நமக்கு எட்டாது. ஆனால் ஒரு கைலென்ஸ் எட்டாதா? எண் மட்டும் பார்த்தால் கியூப் தோற்றது தெரியும். உடைந்த முகத்தைப் பார்த்தால்தான் ஏன் தோற்றது என்று தெரியும். ரெக்கார்டில் உண்மையான எண்ணை எழுதுவோம். கீழே உடைந்த முகத்தை வரைந்து காரணத்தையும் எழுதுவோம். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண் குறைந்ததற்காக மார்க்கைக் குறைக்காதீர்கள், காரணம் சொன்னவனுக்கு மார்க் கொடுங்கள்.

லேப்பில் 14-ஐ 24 என்று எழுதிப் பழகிய கை, நாளை ஒரு பள்ளிக்கூடத்துத் தூணுக்கும் அப்படியே எழுதாதா? சிந்திப்போம் நண்பர்களே!